அவர் ஆணுறை வேண்டாம் என்றால், பெண் என்ன செய்வது?

கேள்வி: மகளிர் குழு ஒன்றில் சுகாதாரத் தன்னார்வலராக இருக்கிறேன். எச்.ஐ.வி. பற்றிப் பேச்செடுத்தால், "ஆணுறை போடுங்கன்னு அவர்கிட்ட யார் சொல்றது?" என்று ஒருவர் கேட்பார், அதோடு பேச்சு நின்றுவிடும். பெண்கள் தாங்களே பயன்படுத்தக்கூடிய முறைகள் என்னென்ன? குழுவில் அவற்றை எப்படி எடுத்துச் சொல்வது?

பதில்: அந்தப் பெண் கேட்டது நியாயம்தான். ஆணுறையை அவர் வாங்கி வைக்கலாம், போட்டுக்கொள்வது கணவர் இஷ்டம். வாய்விட்டுக் கேட்டால் "என்னையா சந்தேகப்படுகிறாய்?" என்று சண்டை வரும். அதனால் அடுத்த கூட்டத்தில் நோயைச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். நாலைந்து பெண்ணுறைகளை எடுத்துக்கொண்டு போங்கள்.

பிரித்துக் கையில் கொடுங்கள். மெல்லிய பை போல இருக்கும், இரு முனையிலும் வளையம். மூடிய முனையில் உள்ள வளையத்தை இரண்டு விரலால் அழுத்திக் குறுக்கி, யோனிக்குள் போகும் மட்டும் தள்ளிவிட வேண்டும். பெரிய வளையம் வெளியே நிற்கும். உறவு தொடங்கும்போது அதைக் கையால் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஆணுறுப்பு உறைக்குள் போகாமல் பக்கவாட்டில் நுழைந்துவிடும். புதிதாகப் பழகுபவர்களுக்கு அடிக்கடி நேரும் தவறு இது. நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரில் செய்த வகையை 8 மணி நேரம் முன்பே பொருத்தி வைக்கலாம். ஆணுறையோடு சேர்த்துப் போடக் கூடாது, உராய்ந்து கிழியும். ஒரு தடவைக்கு ஒன்று. முதல் தடவை தடுமாறும். தனியாக இரண்டு மூன்று முறை போட்டுப் பார்த்தால் கை பழகிவிடும். கர்ப்பம், பிற பால்வினை நோய்கள், எச்.ஐ.வி. மூன்றுக்கும் தடுப்பு என்பது இதன் பெரிய பலம். ஆனால் கணவருக்குத் தெரியாமல் பயன்படுத்த முடியாது. அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அவர் சம்மதம் தேவைப்படாதவை, எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் பிரெப் எனப்படும் தடுப்பு மருந்துகள். மாத்திரை என்றால் பெண்கள் தினமும் போட வேண்டும். யோனித் திசுவில் மருந்து போதுமான அளவு சேரக் குறைந்தது 7 நாள் ஆகும். டப்பா யார் கண்ணிலாவது பட்டால் "உனக்கு நோயா?" என்ற கேள்வி எழும் என்பதை முன்பே பேசிவிடுங்கள். டாபிவிரின் என்ற மருந்து கொண்ட வளையத்தைப் பெண்ணே யோனிக்குள் வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை மாற்றலாம். 2016-இல் வெளியான பெரிய ஆய்வுகளில் அது தொற்றை ஏறக்குறைய 30 சதவீதம் குறைத்தது. விடாமல் வைத்திருந்தவர்களுக்குக் கூடுதல் பலன். ஊசிகள் இன்னும் வலுவானவை. காபோடெக்ராவிர் 2 மாதத்துக்கு ஒருமுறை, லெனகாபவிர் 6 மாதத்துக்கு ஒருமுறை. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் லெனகாபவிர் போட்டுக்கொண்ட 2,134 இளம்பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை என்று 2024-இல் தெரியவந்தபோது எனக்குக் கண் கலங்கியது. 2025-இல் உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைத்தது.

எந்த பிரெப் ஆனாலும் முதலில் எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயம். கர்ப்பத்தையோ மற்ற பால்வினை நோய்களையோ இவை தடுக்காது. இன்னொன்று: நோனாக்ஸினால்-9 கலந்த விந்துக்கொல்லி ஜெல் பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் உடனே திருத்துங்கள். அடிக்கடி பயன்படுத்தினால் அது உள்தோலைப் புண்ணாக்கித் தொற்று அபாயத்தைக் கூட்டும்.

இனி, எப்படிப் பேசுவது என்பதற்கு வருகிறேன். வாய்ஸ் என்ற பிரெப் ஆய்வில் 5,000-க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கப் பெண்கள் சேர்ந்தார்கள். மருந்தை ஒழுங்காகப் பயன்படுத்துவதாகவே பெரும்பாலோர் சொன்னார்கள். ரத்தத்தைச் சோதித்தால், மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான மாதிரிகளில்தான் மருந்து இருந்தது. அவர்கள்மீது குறை சொல்ல எனக்கு மனம் வராது. வீட்டில் என்ன பயமோ, மருந்தைப் பற்றி என்ன வதந்தி கேட்டார்களோ! உண்மையைச் சொன்னால் திட்டு விழும் என்று தோன்றினால் யார்தான் சொல்வார்கள்? ஆகவே "தினமும் போட்டீங்களா?" என்று கேட்காதீர்கள். "எந்த நாள்ல போட முடியாமப் போச்சு?" என்று கேளுங்கள். பதில் வரும்.

எது சரிப்படும் என்பதை அந்தப் பெண்ணே முடிவு செய்யட்டும். வீட்டில் கண்டுபிடித்தால் அடி விழுமா என்பது அவருக்குத்தான் தெரியும். ஆண்களிடமும் தனியாக ஒரு கூட்டம் போடுங்கள். காக்கும் பாரம் முழுவதையும் பெண் தலையில் ஏற்றிவிடக் கூடாது.

இந்த முறைகளெல்லாம் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. சரி, அதற்காகச் சும்மா இருக்க வேண்டாம். எத்தனை பேர் எதைக் கேட்டார்கள், எத்தனை பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள் என்று பெயர் இல்லாமல் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். மூன்று மாதம் கழித்துக் குழுவாகப் போய் அந்தக் கணக்கைச் சுகாதார அதிகாரியிடம் கொடுங்கள். "தேவை இல்லை" என்று அவர்கள் தட்டிக்கழிக்க முடியாது.

அப்புறம், கூட்டம் முடிந்து யாராவது தனியாக வந்து "நேத்து ராத்திரியே..." என்று தொடங்கினால், அடுத்த கூட்டம்வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள். 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிடும் எச்.ஐ.வி. அவசரத் தடுப்பு மருந்து இருக்கிறது. அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.