காம்பவுண்டை விட்டு ஊருக்குள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வேலூரில் மிஷன் காம்பவுண்டுக்குள் குடியிருக்கிறேன். ஊழியம் குடியாத்தம் பக்கம் ஒரு கிராமத்தில். பஸ்ஸில் போய் வருவதால் மக்களோடு ஒட்டவே முடியவில்லை. மனைவி, பிள்ளையோடு அங்கேயே வாடகைக்குப் போகப் போகிறோம். எதைப் பார்த்து வீடு பிடிப்பது?

பதில்: வீட்டுக்கு முன்னால் தெருவைப் பாருங்கள். நம் பக்கத்துக் கிராமங்களில் ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். ஊர்த் தெருவில் குடியேறினால் காலனிக்காரர்கள் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போய்விடுவார்கள். காலனியில் குடியேறினால் ஊர்க்காரர்களில் சிலர் உங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். எதற்கு வம்பு என்று ரோட்டோரமாக ஒரு வீடு பிடிப்பவர்கள் உண்டு. அங்கே இரண்டு பக்கத்தாரும் வருவதில்லை. யாருக்காகப் போகிறீர்களோ அவர்கள் தெருவிலேயே இருங்கள்.

அடுத்து தண்ணீர். பஞ்சாயத்துக் குழாயில் எந்த நாள், எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்று வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், எதிர்வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். ஒரு குடம் சுமார் 15 லிட்டர். மூன்று பேர் குடிக்க, சமைக்க நாளுக்கு 2 குடம். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் ஊரென்றால் 4 குடம் பிடித்து வையுங்கள். குளிக்க, துவைக்க 500 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி தனியாக வேண்டும். புதிதாக வருகிறவர்கள் செய்யும் பெரிய தப்பு, குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சுவது. உங்கள் தொட்டி நிறையும். அடுத்தடுத்த வீட்டுக் குழாய்களில் புஸ்ஸென்று காற்றுதான் வரும். காரணம் யார் என்று பொழுது சாய்வதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு எத்தனை ஜெபக்கூட்டம் வைத்தாலும் ஆள் வராது.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வீடு வாடகைக்கு மலிவுதான், ஆனால் அக்னி நட்சத்திரத்தில் பிள்ளையை வைத்துக்கொண்டு பகலில் உள்ளே இருக்க முடியாது. ஓட்டு வீடு தேவலை. மெத்தை வீடு, அதாவது தளம் போட்ட வீடென்றால் பங்குனியிலேயே மாடித் தளத்தில் இரண்டு பூச்சு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். மின் மீட்டர் தனியா என்று பாருங்கள். வீட்டில் ஜெபக்கூட்டம் வைப்பதாக இருந்தால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை பாட்டுச் சத்தம் கேட்டுத்தான் அவருக்குத் தெரிய வேண்டும் என்றில்லை.

கேள்வி: நம் மாவட்டத்தில் முன்பு யாராவது இப்படி வாழ்ந்திருக்கிறார்களா?

பதில்: 1853-இல் அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷன் காலத்திலிருந்தே பங்களாவும் காம்பவுண்டும்தான் வழக்கம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் குடியாத்தம் சாலையில் நடத்திய சாலையோர மருத்துவமனைகள் பெரிய காரியம்தான். ஆனாலும் அது போய் வருவது. குடியேறுவதற்கு நெருங்கிய உதாரணம் திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமம். அன்றைய வட ஆற்காட்டில் 1921-இல் டாக்டர் சவரிராயன் ஜேசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரர் டாக்டர் பேட்டனும் தொடங்கியது. கதர், சைவச் சாப்பாடு, கோயில் பாணியில் ஜெப ஆலயம். அங்கே ஜேசுதாசனைப் பெரியண்ணன் என்றும் பேட்டனைச் சின்னண்ணன் என்றும் கூப்பிட்டார்கள். வெள்ளைக்காரரைத் துரை என்று கூப்பிட்ட காலத்தில் இந்தச் ‘சின்ன’ லேசானதல்ல. இருந்தாலும் அதுவும் ஒரு வளாகம்தான், தெருவீடு அல்ல.

கேள்வி: வெளிநாட்டு மிஷனரி ஒருவர் எங்கள் வீட்டு மாடியில் தங்கக் கேட்கிறார். விடலாமா?

பதில்: விடலாம். முதலில் அவருடைய விசாவைப் பாருங்கள். மிஷனரி விசா என்பது தனி வகை. சுற்றுலா விசாவில் வந்தவர் ஊழியம் செய்ய முடியாது. அவர் வந்து 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு இணையதளத்தில் தகவல் பதிய வேண்டியது வீட்டுக்காரரான உங்கள் பொறுப்பு. பாஸ்போர்ட், விசா நகல்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வாங்காமல் விருந்தாளியாகத்தானே வைத்திருக்கிறோம் என்று விட்டுவிடாதீர்கள். அதற்கும் பதிய வேண்டும்.