மனு நாளுக்கு முன்னால் ஒரு கடிதம்

கேள்வி: நான் பாளையங்கோட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் தெருவில் ஒரு பாட்டி இரண்டு பேரப்பிள்ளைகளை வளர்க்கிறார். அப்பா ஜெயிலில் இருக்கிறார். பெரியவன் நான்காம் வகுப்பு. சின்னவளிடம் அப்பா துபாயில் இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தன்னார்வலராக உதவ ஆசை. ஜெயிலுக்குள் போக அனுமதி வாங்குவது எப்படி? என்னால் என்ன செய்ய முடியும்?

பதில்: டீச்சர், அனுமதிக்கு அப்புறம் வருகிறேன். இந்த வேலையில் பெரும்பகுதி ஜெயில் மதிலுக்கு வெளியேதான், உங்கள் தெருவிலேயேதான் இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அப்பா மீதான வழக்கில் பாதிக்கப்பட்டவர் அந்தப் பிள்ளையோ பிள்ளையின் அம்மாவோ என்றால், சந்திக்க வைக்கும் முயற்சியை நீங்களாக எடுக்கவே கூடாது. மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் போங்கள். வழக்கு எதுவானாலும் பிள்ளை "வரமாட்டேன்" என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம்.

அப்படி ஒன்றும் இல்லையென்றால் பாட்டியோடு உட்கார்ந்து பேசுங்கள். பிள்ளைகளை ஏன் மனு பார்க்க, அதாவது ஜெயிலில் அப்பாவைச் சந்திக்க, கூட்டிப்போவதில்லை என்று கேட்டால், பாசம் இல்லை என்று ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு நாள் கூலி போகும், ஆதாரில் பெயர் தப்பாக இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் லீவுக்கு என்ன காரணம் சொல்வது, தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டால்? இதில் பாதியை நீங்களே தீர்த்துவிடலாம். எந்த நாளில் மனு, யாருக்கு அனுமதி, என்ன சான்று வேண்டும் என்பதைச் சிறையின் நல அலுவலரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விசாரணைக் கைதிக்கு ஒரு விதி, தண்டனைக் கைதிக்கு வேறு விதி.

ஒரு பையனோடு நான் போன முதல் மனு இன்னும் கண்ணில் நிற்கிறது. காலையிலிருந்து காத்திருந்து உள்ளே போனால், தடுப்புக்கு அந்தப் பக்கம் அப்பா, இந்தப் பக்கம் இவன். சுற்றிலும் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திப் பேசுகிறார்கள். "நல்லா படிக்கிறியா?" "ம்." "பாட்டி சொல்றதக் கேக்குறியா?" "ம்." அவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் வக்கீல் ஃபீஸ் பற்றிய பேச்சு. அடுத்த முறை, பத்து நாள் முன்னாலேயே அவனை ஒரு கடிதம் எழுத வைத்தேன். முன்பல் விழுந்தது, கபடியில் சேர்ந்தது, கணக்கு மிஸ்ஸின் பெயர். அன்றைக்கு அப்பா எடுத்த எடுப்பில் கேட்டது, "எங்கே, பல்லக் காட்டு." பையன் தடுப்போடு முகத்தை ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்து காட்டினான்.

உங்களைப் போன்ற ஓர் ஆசிரியைக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. அப்பாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாதா? பிள்ளையின் பாதத்தைத் தாளில் வைத்துப் பென்சிலால் கோடு இழுத்து அனுப்புங்கள். இங்கிலாந்தின் டார்ட்மூர் சிறையில் அப்பாக்கள் தூங்கும் நேரத்துக் கதைகளைக் குரலில் பதிவு செய்து வீட்டுக்கு அனுப்பிவந்தார்கள். இங்கே ஒரு கண்காணிப்பாளர் மனது வைத்தால் அதையும் செய்யலாம். கடிதங்களை அதிகாரிகள் படிப்பார்கள், அதனால் வழக்கு விஷயம் ஒரு வரிகூட வேண்டாம்.

துபாய் கதையை மெதுவாக முடித்துவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் விளையாட்டு மைதானத்தில் யாராவது போட்டு உடைப்பார்கள். அதைச் சொல்ல வேண்டியவர் பாட்டி. நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். "அப்பா ஜெயில்ல இருக்காரு. அதுக்கு நீ காரணம் இல்ல. நாம அவருக்கு லெட்டர் போடலாம்." சின்னப் பிள்ளைக்கு இவ்வளவு போதும். எப்போது வருவார் என்று கேட்டால் தேதி எதையும் சொல்லிவிடாதீர்கள்.

அம்மா சிறையில் இருக்கும் பிள்ளைகளும் உங்களிடம் வரக்கூடும். 6 வயது வரை பிள்ளை அம்மாவோடு உள்ளே இருக்கலாம். அதன் பிறகு அரசு இல்லத்தில் சேர்த்தால், கூடியவரை சிறை இருக்கும் ஊரிலேயே இருக்க வேண்டும், வாரம் ஒரு முறையாவது அம்மாவைப் பார்க்க விட வேண்டும் என்று 2006இல் உபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது நடக்கிறதா என்று கேட்க வெளியே ஓர் ஆள் வேண்டும்.

சரி, அனுமதி. தனி ஆளாகப் போய்க் கேட்பதைவிட, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராக விண்ணப்பிப்பது நல்ல வழி. பயிற்சி தருவார்கள். கைதிகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். உதவி எண் 15100. அப்படியே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் கிடைக்கும் நிதி ஆதரவு பற்றி இந்தப் பாட்டிக்காகக் கேளுங்கள். தகுதி இருந்தால் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய்.

உள்ளே போகத் தொடங்கிய பிறகு யார் கெஞ்சினாலும் பொட்டலம், பணம், செல்போன், வாய்ச் செய்தி எதையும் கொண்டுபோகாதீர்கள், கொண்டுவராதீர்கள். பிள்ளையின் படத்தை வாட்ஸ்அப்பில் போடவே வேண்டாம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதைச் சிறார் நீதிச் சட்டம் 2015இன் 74ஆம் பிரிவு தடை செய்கிறது.

அனுமதி வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். அடுத்த மனு எப்போது என்று பாட்டியிடம் கேட்டுவிட்டு, இந்த வாரமே பெரியவன் கையில் ஒரு தாளைக் கொடுங்கள். எழுத்துப் பிழையை மட்டும் திருத்தாதீர்கள் டீச்சர், அவன் எழுதியபடியே போகட்டும்.