பால்சா மரத்தில் சின்ன ரேடியோ விமானம் செய்து பறக்க விட ஆசை. முதல் விமானம் உடையாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

உடையத்தான் செய்யும். ஆனால் என்னுடையதைப் போல நாலாவது வினாடியிலேயே உடைய வேண்டியதில்லை.

இரண்டு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஒட்டியது. மதுரைப் பக்கம் ஒரு வற்றிய கண்மாயில், காற்று எழும்புவதற்கு முன் காலை ஆறு மணிக்குக் கையால் வீசினேன். மூக்கைத் தூக்கிக்கொண்டு நெட்டுக்குத்தாக ஏறியது, ஒரு கணம் அந்தரத்தில் நின்றது, ஒரு பக்கம் சரிந்து தரையில் குத்தியது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "நல்லாத்தானே தம்பி ஏறுச்சு?" என்றார்.

ஏறியதுதான் கோளாறு. வால் கனம்.

பால்சா ஷீட் எல்லாம் ஒரே எடை என்று நினைத்திருந்தேன். ஈக்வடாரிலிருந்து வரும் இந்த மரம் வெகு வேகமாக வளர்வது. மரத்துக்கு மரம் அடர்த்தி மாறும். 1.5 மி.மீ. தடிமன், 10 செ.மீ. அகலம், 1 மீட்டர் நீளமுள்ள ஒரு ஷீட் 15 கிராமும் இருக்கும், அதே அளவில் இன்னொன்று 25 கிராமும் இருக்கும். நான் கடினமானதை வாலுக்குப் போட்டுவிட்டேன். விமானம் சமமாக நிற்கும் இடத்திலிருந்து வால் மூக்கைவிடத் தள்ளி இருப்பதால், என் விமானத்தில் வாலில் ஏறிய ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் மூன்று கிராம் ஈயம் வைக்க வேண்டியிருந்தது. இப்போது கடைக்கே நகை எடை பார்க்கும் சின்னத் தராசோடு போகிறேன். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். கனமான ஷீட் இறக்கையின் ஸ்பாருக்கு, அதாவது இறக்கையின் நீளத்துக்கும் ஓடித் தாங்கும் சட்டத்துக்கு; லேசானது வாலுக்கு.

வீசுவதற்கு முன், பேட்டரியை வைத்த பிறகு, இறக்கைக்கு அடியில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரல் கொடுத்துத் தூக்கிப் பாருங்கள். இறக்கையின் அகலம் 18 செ.மீ. என்றால் முன்விளிம்பிலிருந்து சுமார் 5 செ.மீ. தள்ளி விரல் இருக்க வேண்டும். விமானம் மட்டமாக நிற்கலாம், மூக்கு கொஞ்சம் தாழலாம். வால் தாழ்ந்தால் வீசவே வீசாதீர்கள். பேட்டரியை முன்னால் நகர்த்திப் பார்த்துவிட்டு, போதாவிட்டால் ஈயம் சேருங்கள்.

முதல் விமானத்துக்கு இறக்கை உடலுக்கு மேலே இருக்கட்டும், இரு நுனியும் சற்று மேல்நோக்கி வளைந்திருக்கட்டும். சாய்ந்தால் தானாக நிமிர்ந்துகொள்ளும். போர் விமானம் மாதிரி வேண்டும் என்று எல்லாருக்கும்தான் ஆசை. அது மூன்றாவதாக இருக்கட்டும்.

பறக்கும்போது எல்லாரையும் கவிழ்ப்பது இடம் வலம் குழப்பம். விமானம் உங்களை விட்டுப் போகும்போது கையிலிருக்கும் ரிமோட்டின் குச்சியை இடப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம் போகும். உங்களை நோக்கி வரும்போது அதுவே தலைகீழ். இதை யோசித்துக்கொண்டு நின்றால் விமானம் கருவேல மரத்தில் இருக்கும். எனக்குக் கைகொடுத்த வழி இது: எதிரே வரும்போது எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளுங்கள், தாழ்ந்ததற்கு முட்டுக்கொடுப்பது போல. அது நிமிர்ந்துவிடும். நாலைந்து தடவைக்குப் பிறகு கை தானாகச் செய்யும்.

விமானத்தில் வைக்கும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். சார்ஜ் ஏறும்போது தூங்கவும் போகாதீர்கள்.

பையில் ஒரு ஃபெவிகுவிக், ஒரு பிளேடு, இரண்டு மூன்று பால்சா துண்டுகள் இருக்கட்டும். பால்சா உடைந்தால் நார் நாராகப் பிரியும், பொருத்தினால் பெரும்பாலும் அச்சாகப் பொருந்தும். அந்த முதல் விமானத்தில் இப்போது ஏழு ஒட்டு. 22 கிராம் ஏறியிருக்கிறது, ஆனாலும் பறக்கிறது.