ஒரு டைப்செட்டிங் கடையும் பல துண்டுகளை வைத்திருக்கும் கிளிப்போர்ட்டும்

கேள்வி: கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட கொப்பிகளைச் சேர்த்து வைக்கும் கிளிப்போர்ட் மென்பொருளை யாராவது தினமும் பயன்படுத்துகிறீர்களா? தமிழில் வேலை செய்பவர்களுக்கு அதனால் பயன் உண்டா? பாதுகாப்பானதா?

தினமும் பயன்படுத்துகிறேன். பயன் உண்டு, ஆனால் தமிழில் அதற்கு ஒரு சிக்கலும் உண்டு. பாதுகாப்பைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் சின்னதாக ஒரு டைப்செட்டிங் கடை வைத்திருக்கிறேன். பல்கலைக்கழகம் பக்கத்தில் இருப்பதால் ஒப்படை, ஆய்வுக் கட்டுரை என்று மாணவர்கள் வருவார்கள். ஆனால் கடைக்குச் சோறு போடுவது அவர்கள் அல்ல. மரண அறிவித்தல், கண்ணீர் அஞ்சலி, 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு அடிக்கும் கல்வெட்டு, இவைதான். வெளியூர்க்காரருக்காக ஒரு வார்த்தை: இங்கே கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டுவது இல்லை. இறந்தவரின் படம், வாழ்க்கைக் குறிப்பு, தேவாரம், சிவபுராணம், திதி வெண்பா, வம்சாவழி, நன்றி நவிலல் எல்லாம் சேர்ந்த ஒரு சின்னப் புத்தகம்.

மரண அறிவித்தலில் முக்கால்வாசி வசனம் எல்லாருக்கும் ஒன்றுதான். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வசிப்பிடமாகவும் கொண்ட என்று தொடங்கும். நடுவில் "அன்னார்" வரும். உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம் என்று முடியும். மாறுவது பெயர், ஊர், உறவுமுறை மூன்றும்தான். தலையிடி எல்லாம் அந்த மூன்றும் வந்து சேரும் விதத்தில். மகள் கனடாவிலிருந்து வட்ஸ்அப்பில் பாதி அனுப்புவார். சுவிஸில் இருக்கும் மகன் அதில் இரண்டு பெயரைத் திருத்துவார். பெறாமக்களின் பட்டியல் பிரான்சில் யாரோ ஒருவரிடம் இருக்கும், அது இரவு 11 மணிக்கு வரும். விடிந்ததும் பத்திரிகைக்குக் கொடுக்க வேண்டும்.

முன்பெல்லாம் இதை எப்படிச் செய்தேன் என்றால், வட்ஸ்அப்பில் ஒரு பெயரைக் கொப்பி பண்ணி, பக்கத்துக்குப் போய் ஒட்டி, திரும்ப வட்ஸ்அப்புக்கு வந்து, அடுத்த பெயரைக் கொப்பி பண்ணி... 40 பெயர் என்றால் 40 முறை போய் வருவது. நடுவில் யாராவது வந்து "தம்பி, இந்த மின்பில்லை ஒருக்கா பிரிண்ட் எடுத்துத் தா" என்று கேட்டு, அதற்காக ஏதோ ஒன்றைக் கொப்பி பண்ணினால், கையில் இருந்த பெயர் போய்விடும். அதற்குப் பயந்தே "குப்பை" என்று ஒரு வேர்ட் கோப்பு வைத்திருந்தேன். எதை எடுத்தாலும் முதலில் அதற்குள் கொட்டுவேன். பிறகு அந்தக் குப்பைக்குள்ளேயே தேடுவேன்.

கொப்பி, பேஸ்ட் இன்று நாம் அறிந்த வடிவத்தில் 1970களின் நடுப்பகுதியில் ஜெரொக்ஸ் பார்க் ஆய்வுகூடத்தில் உருவானது. செய்தவர்கள் லாரி டெஸ்லரும் டிம் மொட்டும். டெஸ்லர் 2020இல் காலமானார். அருமையான வேலைதான், ஆனால் கிளிப்போர்ட், அதாவது கொப்பி பண்ணியதை ஒட்டும்வரை கணினி வைத்திருக்கும் இடம், ஒரே ஒரு பொருள் வைக்கும் தட்டு என்ற பழக்கம் அதன்பிறகு அப்படியே ஊறிப் போய்விட்டது. மைக்ரோசொப்ட் ஒபீஸுக்குள் கொப்பி பண்ணிய 24 துண்டு வரை சேர்க்கலாம் என்றாலும் முழு விண்டோஸுக்கும் அந்த வசதி வந்தது 2018 ஒக்டோபர் புதுப்பிப்பில்தான்.

அதைத்தான் நீங்களும் முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் எதையும் நிறுவத் தேவையில்லை. விண்டோஸ் கீயையும் வி-யையும் சேர்த்து அழுத்துங்கள். முதல் தடவை இதை இயக்கவா என்று கேட்கும், ஆம் என்று சொல்லுங்கள். அதன்பிறகு கொப்பி பண்ணும் ஒவ்வொன்றும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்படும். வட்ஸ்அப்பில் பத்துப் பெயரை வரிசையாகக் கொப்பி பண்ணிவிட்டு, ஒரே தடவை பக்கத்துக்கு வந்து, ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டலாம். முதல் நாள் இதைச் செய்தபோது இத்தனை வருடம் மினக்கெட்டதை நினைத்துக் கோபம்தான் வந்தது.

ஆனால் அது 25 துண்டுதான் வைத்திருக்கும். 26ஆவது வந்தால் மிகப் பழையது கழன்றுவிடும். கணினியை அணைத்து ஏற்றினால் பட்டியலில் பின் பண்ணி (நிலையாகக் குத்தி) வைத்தவை தவிர எல்லாம் போய்விடும். இதன் அருமை எனக்கு விளங்கியது 2022இல். அந்த மார்ச் கடைசியில் நாடு முழுவதும் 13 மணித்தியால மின்வெட்டு. கடை யூபிஎஸ் பத்து நிமிடம் தாங்கும், அதுவும் நல்ல மனநிலையில் இருந்தால். கோப்பைச் சேமித்து கணினியை அணைக்க நேரம் காணும். ஆனால் அரைவாசி ஒட்டி, அரைவாசி அடுக்கில் இருந்த வம்சாவழி? கரண்ட் வந்து கணினியை ஏற்றினால் அடுக்கு வெறுமை. அந்தக் குடும்பத்தின் வட்ஸ்அப் உரையாடலில் அழுகைக் குறிகளுக்கும் குரல் செய்திகளுக்கும் நடுவே விட்ட இடத்தைத் திரும்பத் தேடி எடுக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது.

அப்போதுதான் டிட்டோவுக்கு மாறினேன். விண்டோஸுக்கான இலவச, திறமூல மென்பொருள். கொப்பி பண்ணுவதை எல்லாம் கணினியின் வன்தட்டில் ஒரு தரவுத்தளத்தில் எழுதி வைக்கிறது, ஆகவே கரண்ட் போனாலும் இருக்கும். எத்தனை துண்டு, எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று நாமே வரம்பு போடலாம். கொன்ட்ரோலையும் எஸ்கேப்புக்குக் கீழே உள்ள கீயையும் அழுத்தினால் பட்டியல் திறக்கும். எனக்கு அந்த இடம் கைக்கு வரவில்லை, வேறு கீயாக மாற்றிக்கொண்டேன். பட்டியல் திறந்ததும் இரண்டு மூன்று எழுத்தைத் தட்டினால் அது உள்ள துண்டுகள் மட்டும் நிற்கும். என்டர் அடித்தால் ஒட்டும். தேடல் வசதி இல்லாத கிளிப்போர்ட் மென்பொருள் எதையும் நான் எடுக்க மாட்டேன். 300 துண்டை வைத்துக்கொண்டு கண்ணால் தேடுவதற்கு என் பழைய குப்பைக் கோப்பே போதும்.

இனி நான் சொன்ன அந்தத் தமிழ்ச் சிக்கல். வெளிநாட்டு இணையப் பக்கங்களில் இந்த மென்பொருள்களைப் பற்றி எழுதுபவர்கள் எல்லாரும் ஒரு புத்திமதி சொல்வார்கள்: ஒட்டும்போது வடிவம் இல்லாமல் வெறும் எழுத்தாக ஒட்டுங்கள். டிட்டோவில் அதற்கு ஷிப்ட்டும் என்டரும். இணையத்தில் எடுத்த பந்தி அங்குள்ள நிறத்தையும் எழுத்துருவையும் இணைப்பையும் இழுத்துக்கொண்டு வராது. யுனிகோட் தமிழுக்கு, அதாவது ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறியீடு உள்ள இன்றைய பொதுமுறைக்கு, இது நல்ல பழக்கம்தான்.

பாமினிக்குக் கூடாது. இங்கே அச்சகங்களில் பாதி வேலை இன்னமும் பாமினி எழுத்துருவில்தான் நடக்கிறது. பக்கம் வடிவமைக்கும் பழைய பேஜ்மேக்கர் மென்பொருளுக்கு யுனிகோட் தெரியாது, பழைய ஆட்களுக்குப் பாமினி விரலில் ஊறியது. பாமினியில் உள்ள தமிழ் உண்மையில் தமிழ் இல்லை, தமிழ் முகமூடி போட்ட ஆங்கில எழுத்து. "தமிழ்" என்று திரையில் தெரியும் சொல்லுக்குக் கீழே இருப்பது ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி. வடிவத்தைக் கழற்றி ஒட்டினால் முகமூடி கழன்று விழும். மாணவி ஒருவர் தன் ஆய்வுக் கட்டுரையின் ஒரு அத்தியாயம் முழுவதும் வைரஸ் வந்துவிட்டது என்று அழாத குறையாக ஓடி வந்தார். வைரஸும் இல்லை ஒன்றும் இல்லை. அந்தப் பந்திகளைத் தெரிவு செய்து பாமினி எழுத்துருவைக் கொடுத்தவுடன் எல்லாம் திரும்பி வந்தது. அதே காரணத்தால், ஒட்டும் பெட்டியில் ஏற்கெனவே பாமினி போட்டிருந்தால் வெறும் எழுத்தாக ஒட்டினாலும் தப்பும். எதில் ஒட்டுகிறோம் என்று பார்த்துத்தான் ஒட்ட வேண்டும்.

தேடலிலும் இதே வில்லங்கம்தான். டிட்டோ பட்டியலில் பாமினித் துண்டுகள் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் தெரியும். "அன்னார்" என்று யுனிகோடில் தட்டினால் ஒன்றும் அகப்படாது. இதற்கு நான் கண்ட வழி, அடிக்கடி தேவைப்படும் பாமினித் துண்டின் பண்புகளைத் திறந்து, தலைப்பை யுனிகோட் தமிழில் மாற்றிவிடுவது. "மரண அறி. தொடக்கம்", "நன்றி நவிலல் 2", "திதி வெண்பா வெறும் சட்டகம்" என்றெல்லாம் பெயர் வைத்திருக்கிறேன். உள்ளே பாமினி அப்படியே இருக்கும், வெளியே படிக்கக்கூடிய பெயர் இருக்கும். இரண்டு நாள் வேலை, ஆனால் பிறகு அதைத் திரும்பத் தொட வேண்டி வரவில்லை. புதிதாக வரும் வேலையை இயன்றவரை யுனிகோடில் அடித்து, அச்சகம் கேட்டால் மட்டும் உருமாற்றி பாமினிக்குக் கொண்டு போகிறேன். வாடிக்கையாளருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. எனக்குத் தேடல் வேலை செய்கிறது.

இனி என் பிழை ஒன்று. ஆரம்பத்தில் நான் சேமித்து வைத்த துண்டுகள் பழைய அறிவித்தல்களிலிருந்து அப்படியே எடுத்தவை. பெயரை அழித்துவிட்டு மிச்சத்தை வைத்திருந்தேன். அதில் ஒன்று, "காலஞ்சென்ற", பிறகு இடைவெளி, பிறகு "தம்பதிகளின் பாசமிகு மருமகனும்" என்று இருந்தது. ஒரு நாள் இரவு அவசர வேலை. துண்டை ஒட்டினேன், இடைவெளியில் பெயர்களைப் போட்டேன், புரூப் எடுத்தேன். காலையில் புரூப் பார்க்க வெள்ளை வேட்டி கட்டிய ஒரு ஐயா வந்தார். கண்ணாடியைப் போட்டு வடிவாகப் படித்தார். பிறகு அமைதியாகக் கேட்டார்: "தம்பி, இந்தக் காலஞ்சென்றவர் நான்தான். ஒருக்கா வெளியே எடுத்து விடுகிறீரோ?"

இறந்தவரின் மாமனார் அவர். மருமகனைப் பறிகொடுத்த வீட்டிலிருந்து வந்தவர். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, அச்சுக்குப் போகமுன் பிடிபட்டதே பெரிய காரியம். அன்றைக்கே உட்கார்ந்து எல்லாத் துண்டையும் பிரித்தேன். "காலஞ்சென்ற" இப்போது எந்தத் துண்டிலும் இல்லை, அதைக் கையால்தான் அடிப்பேன். பெயர் வர வேண்டிய இடத்தில் வெறும் இடைவெளி விடாமல் நான்கு நட்சத்திரக்குறி போட்டிருக்கிறேன். நிரப்ப மறந்தால் புரூப்பில் பல் இளித்துக்கொண்டு நிற்கும். ஆண், பெண் வேறுபாட்டுக்கும் தனித்தனித் துண்டு. மகனும், மகளும் என்பதை ஒரே துண்டில் வைத்து ஒன்றை அழிக்கலாம் என்று நினைத்தால் என்றாவது ஒருநாள் அழிக்காமல் விடுவீர்கள்.

வேறு இயங்குதளம் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: லினக்ஸில் கொப்பிக்யூ நல்லது, அது விண்டோஸிலும் மாக்கிலும் கூட ஓடும். லினக்ஸில் கேடிஈ என்ற திரைச்சூழலைப் பயன்படுத்தினால் கிளிப்பர் என்ற கிளிப்போர்ட் மென்பொருள் ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது. மாக்கில் மாக்கி என்ற சின்ன மென்பொருளைப் பலரும் விரும்புகிறார்கள். 2025இல் வந்த மாக் பதிப்பில் ஸ்பொட்லைட் என்ற தேடல் பெட்டிக்குள்ளேயே கிளிப்போர்ட் வரலாறு வந்துவிட்டது.

பாதுகாப்பு. கொப்பி பண்ணுவது எல்லாம் சேமிக்கப்படும் என்றால், எல்லாமும்தான். கடையில் ஆட்களுக்கு இணைய விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறோம். 12 இலக்க அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, பிள்ளையின் பரீட்சைச் சுட்டெண், சில வேளை கடவுச்சொல் கூட. யாரோ ஒருவரின் கணக்கு இலக்கம் அடுத்த ஆள் உட்காரும்போது பட்டியலில் நிற்கலாம். ஆகவே வாடிக்கையாளர் தொடும் கணினியில் டிட்டோவும் இல்லை, விண்டோஸ் வரலாறும் இயக்கவில்லை. நான் மட்டும் இருக்கும் கணினியில்தான் இரண்டும். உலாவியில் நிரப்பும் வேலைகளுக்கு டிட்டோ அந்த உலாவியைக் கண்டுகொள்ளாமல் இருக்கும்படி விலக்குப் பட்டியலில் போட்டிருக்கிறேன், வட்ஸ்அப்பை வேறு உலாவியில் திறக்கிறேன். விண்டோஸில் உங்கள் மற்றக் கருவிகளோடு ஒத்திசைக்கும் தெரிவு ஒன்று உண்டு, எனக்குத் தேவையில்லை, அணைத்து வைத்திருக்கிறேன். கீபாஸ் போன்ற கடவுச்சொல் மென்பொருள் தான் கொப்பி பண்ணியதை 12 விநாடியில் கிளிப்போர்ட்டிலிருந்து அழித்துவிடும். நோட்பாடில் எழுதி வைத்த கடவுச்சொல்லைக் கொப்பி பண்ணினால் அதற்கு அந்தக் காவல் இல்லை.

நீங்கள் தொடங்குவதென்றால் விண்டோஸ் கீயும் வி-யும் போதும், ஒரு கிழமை பழகிப் பாருங்கள். 25 போதவில்லை என்று தோன்றும் நாளில் டிட்டோவை இறக்குங்கள். பாமினி வேலை செய்பவர் என்றால் முதல் நாளிலேயே துண்டுகளுக்கு யுனிகோடில் பெயர் வையுங்கள், பிறகு செய்யலாம் என்று விட்டால் நூற்றுக்கணக்கில் கிறுக்கல் சேர்ந்துவிடும். என் பட்டியலின் அடியில் இன்னமும் பெயர் வைக்காத ஐம்பது அறுபது கிடக்கிறது. அவை என்ன என்று எனக்கே தெரியாது, அழிக்கவும் மனம் வரவில்லை.