மோட்டார்ஹோம் கழிவுத் தொட்டியைக் காலி செய்ய சொந்தமாக ஒரு பம்ப்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மோட்டார்ஹோம், அதாவது படுக்கை, சமையலறை, கழிப்பறை உள்ள வீட்டு வண்டி வைத்திருப்பவர்களின் கேள்விகள் பெரும்பாலும் "எந்த பம்ப் வாங்கலாம்?" என்றுதான் ஆரம்பிக்கின்றன. ஆனால் கோளாறு பம்புக்குள் இருப்பது குறைவு. பம்புக்கு முந்தின குழாய், பிந்தின ஹோஸ், அதற்கு மின்சாரம் கொண்டுவரும் வயர், இந்த மூன்றில் ஏதோ ஒன்றில்தான் இருக்கும். கீழே கறுப்புத் தொட்டி என்று வருவது கழிப்பறைக் கழிவு சேரும் தொட்டி. சாம்பல் தொட்டி என்பது குளியல், சிங்க் தண்ணீர் சேர்வது. இழுத்து எடுத்துக்கொண்டு போய்க் கொட்டும் கேசட் வகைக் கழிப்பறை உள்ள வண்டிக்கு இந்தப் பேச்சே வேண்டாம், பம்ப் தேவையில்லை.

கேள்வி: சமையலறை சிங்க்குக்கு அடியில் மாட்டும் பழைய வேஸ்ட் டிஸ்போசர் ஒன்று சும்மா கிடக்கிறது. அதைக் கறுப்புத் தொட்டியின் வாயில் மாட்டி, 30 மீட்டர் தள்ளியுள்ள வீட்டுச் சாக்கடை இணைப்புக்குத் தள்ள முடியுமா?

அரைக்கும், தள்ளாது. மேலிருந்து விழுவதை அரைத்து, கீழே சரிவில் ஓட விடுவதற்காகச் செய்யப்பட்ட கருவி அது. சாக்கடை வாய் வண்டியை விடத் தாழ்வாக, சில மீட்டர் தூரத்தில் இருந்தால் காரியம் நடக்கும். 30 மீட்டருக்கு அதன் பின்னால் தனியாக ஒரு கழிவுநீர் பம்ப் சேர்த்தே ஆக வேண்டும். அப்போது செலவும் எடையும், கழிவை அரைத்துத் தள்ளவும் செய்யும் தயார் மேசரேட்டர் பம்ப் அளவுக்கு வந்துவிடும்.

இருந்தாலும் செய்வேன் என்பவர்கள் மூன்று இடங்களைக் கவனிக்க வேண்டும். சிங்க்கில் மேல் விளிம்பின் மீது தண்ணீர் தங்குவதில்லை. இங்கே தொட்டியின் முழு நீர்மட்டமும் அதன் மேல் நிற்கும். அதனால் அந்த விளிம்புக்கு முழு ரப்பர் கேஸ்கெட்டும் சுற்றிலும் போல்ட்டும் வேண்டும். இரண்டாவது, டிஷ்வாஷருக்கென்று பக்கவாட்டில் விடப்பட்ட சிறு துளை. அதை மூடி அடைக்க மறந்தால் முதல் நிமிடமே காலில் கொட்டும். மூன்றாவது மின்சாரம். வீட்டு மின்சாரத்தில் ஓடும் கருவியை ஈரத் தரையில் வைத்து இயக்குகிறீர்கள். 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவு மின் பாதுகாப்பு இல்லாமல் பிளக்கைச் சொருக வேண்டாம். மோட்டார் கீழே, வாய் மேலே என்று நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். படுக்க வைத்தால் அரைபடாத துண்டுகள் ஓரத்தில் ஒதுங்கி நின்றுவிடும்.

கேள்வி: சரி, 12 வோல்ட் மேசரேட்டர் பம்ப் தனியாக வாங்கிவிட்டேன். மற்றதை நானே கோர்க்க வேண்டும். என்னென்ன சாமான், எந்த வரிசையில்?

கறுப்புத் தொட்டிக்கு நாங்கள் சொல்லும் வழி இதுதான்: பம்பை வாங்குங்கள், மீதியைச் செய்யுங்கள். வெட்டும் தகடும் இம்பெல்லரும் (சுழன்று தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இறக்கைச் சக்கரம்) வீட்டில் செய்து வெல்லக்கூடியவை அல்ல.

தொட்டியின் வாய் 3 அங்குல பெயோனெட் வகை (நுழைத்துத் திருகிப் பூட்டுவது) என்று வைத்துக்கொள்வோம். முதலில் அதில் திருகி மாட்டும் அடாப்டர். அடுத்து ஒளிபுகும் பிளாஸ்டிக் எல்போ. இது ஆடம்பரமில்லை: உள்ளே என்ன ஓடுகிறது, எப்போது தெளிகிறது, எப்போது நின்றது என்று காட்டும் ஒரே ஜன்னல் இதுதான். பிறகு 3 அங்குலத்திலிருந்து ஒன்றரை அங்குலத்துக்கு இறங்கும் ரப்பர் ரெட்யூசர், இரண்டு பக்கமும் ஸ்டெயின்லெஸ் கிளாம்ப். இங்கே ரப்பர் ஏன் என்றால், வண்டிக் குழாய் பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக், கடையில் கிடைப்பது பிவிசி. பிவிசி ஒட்டும் சொல்யூஷன் ஏபிஎஸ்ஸைச் சரியாகப் பிடிக்காது. ரப்பர் போட்டால் ஒட்டும் வேலையும் இல்லை, அடைத்தால் கழற்றவும் எளிது. அதன் பின் பம்பின் உள்வாய், பொதுவாக 38 மி.மீ. வெளிவாய் 25 மி.மீ. அதில் ஹோஸ், ஒவ்வொரு இணைப்புக்கும் இரண்டு கிளாம்ப். ஹோஸின் மறுமுனையில் ஃபுல் போர் பால் வால்வு. உள்துளை குறுகிய மலிவு வால்வு வேண்டாம், கழிப்பறைக் காகிதம் அங்கேதான் சேரும்.

பம்ப், தொட்டியின் வாய்க்குச் சமமாகவோ தாழ்வாகவோ இருக்கட்டும். தண்ணீர் தானாக வந்து பம்பை நிரப்ப வேண்டும். பம்ப் அதை உறிஞ்சி மேலே தூக்கும் நிலை வரக்கூடாது. மோட்டாரைப் பம்பின் தலையை விடத் தாழ்த்தி மாட்டாதீர்கள். ஷாஃப்ட் சீல் ஒருநாள் கசியத்தான் போகிறது, கசிவு மோட்டாருக்குள் இறங்கக் கூடாது. சுவிட்ச், அழுத்திப் பிடித்தால் மட்டும் ஓடும் வகையாக இருக்கட்டும். போட்டுவிட்டுப் பேசப் போகும் வசதி இருந்தால், வறண்டு ஓடி இம்பெல்லர் கருகுவது நிச்சயம்: அந்த ரப்பர் இறக்கைகளுக்குத் தண்ணீர்தான் எண்ணெய்.

முதல் ஓட்டம் சுத்தத் தண்ணீரில். காலித் தொட்டியில் 20 லிட்டர் ஊற்றி, ஹோஸ் முனையில் வாளி வைத்து நேரம் பாருங்கள். சுமார் அரை நிமிடத்தில் வந்தால் நிமிடத்துக்கு 40 லிட்டர், நல்ல ஓட்டம். ஒரு நிமிடத்தைத் தாண்டினால் எங்கோ மூச்சு அடைக்கிறது. கழிவு விடுவதற்கு முன் கண்டுபிடியுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் உலர்ந்த டிஷ்யூ காகிதத்தை ஒற்றி எடுத்தால் கண்ணுக்குத் தெரியாத கசிவும் தெரிந்துவிடும்.

கேள்வி: இயக்கும்போது எதை முதலில் திறப்பது?

கடைசி முனையிலிருந்து தொடங்குங்கள். ஹோஸ் முனையைச் சாக்கடை வாயில் கட்டி, அசையாமல் நிறுத்துங்கள். பம்ப் கிளம்பியதும் காற்று வெளியேறும் வேகத்தில் முனை துள்ளும். அப்புறம் முனையிலுள்ள பால் வால்வு, அப்புறம் தொட்டியின் கேட் வால்வு, கடைசியாகத்தான் சுவிட்ச். வெளிவாய் மூடியபடி சுவிட்சை அழுத்தினால் பலவீனமான கிளாம்ப் எது என்று உடனே தெரிந்துவிடும், பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியும்.

கறுப்புத் தொட்டி முதலில், சாம்பல் தொட்டி பிறகு. சோப்புத் தண்ணீரே பம்பையும் ஹோஸையும் கழுவிவிடும். தொட்டி காலியாகும் தருவாயில் மோட்டார் சத்தம் சட்டென்று ஏறும். அந்த நொடியில் விரலை எடுங்கள். கையுறை, கண்ணாடி கட்டாயம். குடிநீர் ஹோஸை இந்த வேலைக்கு எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள். வேறு நிறத்தில், வேறு பெட்டியில் வையுங்கள். ப்ளீச் போட்டுக் கழுவ நினைப்பவர்கள் ஹோஸை நன்றாக அலசிய பிறகே போடவும். சிறுநீர் உள்ள தொட்டியில் ப்ளீச் ஊற்றினால் குளோரமைன் வாயு வரும்.

கேள்வி: பம்ப் புதிது. ஆனால் முனகுகிறது, கொஞ்சம் கெட்டியாக வந்தால் நின்று ஃபியூஸ் போகிறது. பேட்டரி 5 மீட்டர் தள்ளி உள்ளது, 2.5 சதுர மி.மீ. வயர் போட்டிருக்கிறேன்.

விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. 5 மீட்டர் என்றால் போக வர 10 மீட்டர் செம்பு. 2.5 சதுர மி.மீ. வயரில் அதன் தடை சுமார் 0.07 ஓம். 15 ஆம்பியர் இழுக்கும்போது வயரிலேயே 1 வோல்ட்டுக்கு மேல் போய்விடுகிறது. மோட்டாருக்கு 11 வோல்ட் சொச்சம்தான் சேரும். வேகம் குறையும், வெட்டும் பலம் குறையும், காகிதக் கட்டி வந்ததும் நிற்கும். நின்றுபோன மோட்டார், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு ஆம்பியர் இழுக்கும். ஃபியூஸ் போவது அதனால்தான். பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், வயர் எரியும்.

6 சதுர மி.மீ. வயருக்கு மாறுங்கள், இழப்பு 0.45 வோல்ட்டுக்குள் அடங்கும். ஃபியூஸ் பம்பின் லேபிளில் சொன்ன அளவு (இந்த வகைக்கு 20 முதல் 25 ஆம்பியர் வழக்கம்), பேட்டரியின் பிளஸ் முனைக்கு மிக அருகில். சுவிட்சைத் தூரத்தில் வைக்க வேண்டுமானால் தடித்த வயரை அங்கே இழுக்காமல், பம்ப் பக்கத்தில் ஒரு 30 ஆம்பியர் ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) வைத்துச் சுவிட்சுக்கு மெல்லிய வயர் கொடுங்கள். முதலைக் கிளிப்பில் ஓட்டிக்கொண்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். ஓடும்போது கிளிப்பைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் அங்கே வோல்ட் தொலைகிறது.

கேள்வி: தோட்டத்துக்குப் போடும் 19 மி.மீ. ஹோஸ் போதாதா? அல்லது பெரிதாக 38 மி.மீ. போட்டால் இன்னும் நல்லதா?

இரண்டும் வேண்டாம். நிமிடத்துக்கு 40 லிட்டர் ஓட 25 மி.மீ. ஹோஸில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் சுமார் 1 மீட்டர் உயர அழுத்தம் செலவாகும். 19 மி.மீ.யில் அதுவே கிட்டத்தட்ட 4 மீட்டர். 30 மீட்டர் நீளம் என்றால் பம்ப் தன் பலத்தையெல்லாம் ஹோஸின் சுவரோடு உரசியே தீர்த்துவிடும். 38 மி.மீ.யில் உரசல் மிகக் குறைவு, ஆனால் ஓட்டத்தின் வேகம் நொடிக்கு 0.6 மீட்டருக்குக் கீழே வந்துவிடுகிறது. கழிவுநீர்க் குழாய்களில் கசடு படியாமல் அடித்துச் செல்லக் குறைந்தபட்ச வேகமே ஏறக்குறைய அதுதான். நீண்ட ஹோஸில் கசடு தங்கும், சுருட்டி வைக்கும்போது கனமும் தாங்காது.

சாக்கடை வாய் வண்டியை விட மேட்டில் இருந்தால் இன்னொன்று: 25 மி.மீ. ஹோஸ் 30 மீட்டரில் சுமார் 15 லிட்டர் நிற்கும். பம்பை நிறுத்தியதும் அது திரும்பி வரப் பார்க்கும். தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் மடல் வகை நான்-ரிட்டர்ன் வால்வைக் காகிதம் சிக்கித் திறந்தபடியே நிறுத்திவிடும். அதை நம்பாமல், பம்பை விட்டவுடன் தொட்டி வால்வை மூடுங்கள். ஹோஸைக் கழற்றும் முன் வண்டிப் பக்கத்திலிருந்து தோள்மேல் தூக்கிக்கொண்டே சாக்கடையை நோக்கி நடந்தால் மீதியும் வடிந்துவிடும்.

கேள்வி: பம்பே வேண்டாம், காற்று கம்ப்ரஸரால் தொட்டிக்குள் லேசாக அழுத்தம் கொடுத்துத் தள்ளிவிட்டால்?

கூடவே கூடாது. லேசான 0.1 பார் என்றாலும், அரைச் சதுர மீட்டர் பரப்புள்ள தொட்டிச் சுவரில் அது ஏறக்குறைய 500 கிலோ எடை தரும் அழுத்தம். இந்தப் பிளாஸ்டிக் தொட்டிகள் காற்றழுத்தம் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. தொட்டி தாங்கினாலும் கழிப்பறைக் கிண்ணத்தின் அடித்தகட்டு சீல் தாங்காது, சரக்கு வண்டிக்குள் வரும். ஈர உலர் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுவதும் இதே ரகம்: உள்ளே மீத்தேன், ஹைட்ரஜன் சல்ஃபைடு, வேக்குவம் மோட்டாரில் பொறி. ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு கூடும்போது மூக்கு அதை உணர்வதை நிறுத்திவிடும், ஆகவே நாற்றம் போய்விட்டதே என்று மூடிய இடத்தில் தலையை விடாதீர்கள்.

கேள்வி: பம்ப் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் வருகிறது. தொட்டி அளவுகாட்டி இன்னும் பாதி என்கிறது.

நிறுத்தத்தில் கறுப்புத் தொட்டி வால்வைத் திறந்தே வைத்திருந்தீர்களா? அப்படி வைத்தால் நீர் வடிந்துபோய், கெட்டியானது கிண்ணத்துக்கு நேர் கீழே குவிந்து இறுகும். எந்த பம்பும் தன்னிடம் வந்து சேராததை அரைக்காது. வால்வை மூடி, முக்கால் தொட்டி தண்ணீர் நிரப்பி, ஒரு நாள் ஊற விடுங்கள். அந்த இடைவெளியில் வண்டியைக் கொஞ்சம் ஓட்டினால் குலுங்கிக் கரையும். பிறகு காலி செய்யுங்கள். ஒரே தடவையில் போகாது, திரும்பச் செய்ய வேண்டிவரும். இனிமேல் ஒவ்வொரு முறை காலி செய்ததும் 10 முதல் 15 லிட்டர் தண்ணீர் ஊற்றிவைத்து, முக்கால் நிறைந்த பிறகே திறக்கவும். குவியல் இல்லாமலும் அளவுகாட்டி பொய் சொல்வதுண்டு. சென்சார் முனையில் காகிதம் ஒட்டியிருந்தாலும் பாதி என்றுதான் காட்டும்.

காகிதத்தைச் சோதிக்க ஒரு ஜாடித் தண்ணீரில் சில தாள்களைப் போட்டுக் குலுக்குங்கள். கூழாகிவிட்டால் நல்லது, தாளாகவே மிதந்தால் அந்த வகையை மாற்றுங்கள். ஈரத் துடைப்பான், பல் இடுக்கு நூல், தலைமுடி மூன்றும் வெட்டும் தகட்டில் சுற்றிக்கொள்பவை. உறையில் "ஃப்ளஷ் செய்யலாம்" என்று போட்டிருந்தாலும் துடைப்பான் வேண்டாம்.

கேள்வி: எனக்குச் சாம்பல் தொட்டி மட்டும்தான். மலிவாக முடியுமா?

முடியும், சொந்தத் தயாரிப்புக்கு ஏற்ற இடமே இதுதான். மூடியுள்ள 20 லிட்டர் பெட்டி ஒன்று. உள்ளே 12 வோல்ட் பில்ஜ் பம்பும் (படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைப்பது) மிதவை சுவிட்சும். தண்ணீர் இறங்கும் வாயில் 2 மி.மீ. வலை. தொட்டி வால்வை அரைகுறையாகத் திறந்து, பெட்டி நிரம்பி வழியாத அளவில் நிறுத்துங்கள். பில்ஜ் பம்பின் லேபிளில் இருக்கும் லிட்டர் கணக்கு, ஏற்றமே இல்லாத நிலையில் எடுத்தது. ஒரு மீட்டர் ஏற்றமும் நீண்ட ஹோஸும் சேர்ந்தால் அதில் பாதிகூட வராது, அதற்கேற்பப் பெரிதாக வாங்குங்கள். டிரில் இயந்திரத்தில் மாட்டும் குட்டிப் பம்ப் அவசரத்துக்கு மட்டும். முடி சிக்கும், வறண்டால் உடனே போய்விடும். பேட்டரியை நம்பாதவர்களுக்குக் கைப்பிடி டயாஃப்ரம் பம்ப் உண்டு. வறண்டு ஓடினாலும் கெடாது, தானே உறிஞ்சிக்கொள்ளும், கைதான் வலிக்கும்.

கேள்வி: வீட்டு செப்டிக் டேங்கில் விடலாமா?

நிதானமாக விடலாம், தொட்டியில் ஃபார்மால்டிஹைடு கலந்த மருந்து போடாதவரை. அது செப்டிக் டேங்கின் பாக்டீரியாவைக் கொல்லும். மழைநீர் வடிகாலில் விடுவது வேறு விஷயம், அதை எங்கும் செய்யக்கூடாது.

கேள்வி: சில மாதம் நிறுத்தி வைத்த மேசரேட்டர், சுவிட்சை அழுத்தினால் "ம்ம்ம்" என்று மட்டும் சொல்கிறது.

இம்பெல்லரின் ரப்பர் இறக்கைகள் உறையோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. சுவிட்சை விட்டுவிடுங்கள், பிடித்துக்கொண்டே இருந்தால் மோட்டார் சுருள் கருகும். ஃபியூஸைக் கழற்றிவிட்டு மோட்டாரின் பின்முனையைப் பாருங்கள். பல மாடல்களில் ஷாஃப்ட் நுனியில் ஸ்குரூ டிரைவர் நுழையும் வெட்டு இருக்கும். சுழலும் திசையிலேயே இரண்டு மூன்று சுற்று கையால் திருப்புங்கள். விட்டுக்கொடுக்கவில்லை என்றால் முன்மூடியைத் திறந்து, தகட்டில் சுற்றிய முடியை வெட்டி எடுத்து, இம்பெல்லரை வெளியே எடுக்கவும். இறக்கையில் வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள். ஓர் இறக்கை உடைந்து காணாமல் போயிருந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுக்காமல் மூடாதீர்கள், அது வெளிவாயில் உட்கார்ந்திருக்கும். சிலிக்கான் கிரீஸ் மெல்லத் தடவி, எல்லா இறக்கையும் சுழலும் திசைக்கு எதிர்ப்புறம் சாய்ந்திருக்கும்படி பொருத்துங்கள்.

அடுத்த முறை நிறுத்தி வைக்கும் முன் சுத்தத் தண்ணீரில் ஓட்டி அலசிவிட்டு, மாதம் ஒருமுறை கையால் ஒரு சுற்று திருப்பி வையுங்கள். உறைபனி விழும் இடமென்றால் புரோப்பிலீன் கிளைகால் வகை ஆன்டிஃப்ரீஸை பம்புக்குள் இழுத்து நிறுத்தவும். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைகால் நச்சு, அது வேண்டாம்.