பேன்டம் அவர்கிளாஸ்: மாட்டிக்கிட்டவங்களுக்கு

ரெண்டு திரையோட புத்தகம் மாதிரி மடங்கற கையடக்க கேம் கருவி நின்டெண்டோ டிஎஸ். அதுக்கு 2007-ல வந்த இந்த செல்டா கேம் பத்தி வந்த கேள்விகளை ஒண்ணா எடுத்துக்கிட்டேன். மூணு தடவை முடிச்சவன்ங்கறது மட்டும்தான் என் தகுதி.

கேள்வி: முன்கதையான வின்ட் வேக்கர் கேமை ஆடாம இதை ஆரம்பிக்கலாமா?

தாராளமா. இது அதோட தொடர்ச்சிதான், ஆனா முன்கதையை ஆரம்பத்துலயே காகித பொம்மைகளை வெச்சுச் சொல்லிடுவாங்க. பேய்க்கப்பல்ல மாட்டின தோழி டெட்ராவைத் தேடி, லைன்பெக்ங்கற பயந்தாங்கொள்ளி கேப்டனோட நீராவிக் கப்பல்ல நாயகன் லிங்க் கிளம்பறான். அவ்வளவு தெரிஞ்சா போதும்.

கேள்வி: மேல் திரையில ஒரு சின்னம், கீழ் திரையில கடல் வரைபடம். சின்னத்தை வரைபடத்துல "அழுத்தணும்"னு சொல்லுது. தொட்டேன், தேய்ச்சேன், அதே மாதிரி வரைஞ்சும் பார்த்தேன். ஒண்ணும் நடக்கல.

எல்லாரும் இங்கதான் நிப்பாங்க. நானும் ஒரு சாயங்காலம் முழுக்க ஸ்டைலஸால தேய்ச்சிட்டே இருந்தேன். கடைசியில வெறுத்துப்போய் டிஎஸ்ஸை மடக்கி வெச்சேன். அப்புறம் திறந்து பார்த்தா, சின்னம் வரைபடத்துல பதிஞ்சிருக்கு! ரப்பர் ஸ்டாம்ப் குத்தற மாதிரி, மேல் திரையைக் கீழ் திரை மேல மடக்கணும், அதுதான் விடை. டிஎஸ் கேம் ஓடற இன்னொரு கருவியான 2டிஎஸ் மடங்காதே, என்ன பண்றதுன்னு கேட்டவருக்கு: ஸ்லீப் சுவிட்சைத் தள்ளிட்டுத் திரும்ப எடுங்க. வேலை நடக்கும், ஆனா அந்த "அட!" கிடைக்காது.

கேள்வி: ஓஷன் கிங் கோவிலுக்குத் திரும்பத் திரும்பப் போகச் சொல்றான். கடுப்பா இருக்கு.

கடுப்புக்கு நியாயம் இருக்கு. ஆனா ஒவ்வொரு தடவையும் அதே வழியில போனாதான் கடுப்பு. கோவிலுக்குள்ள எவ்வளவு நேரம் தாங்கலாம்னு காட்டற மணல்கடிகாரத்துல முதல்ல 10 நிமிஷம்தான் இருக்கும், மணல் சேரச் சேர 25 வரைக்கும் போகும். ஊதா நிறத் தரையில நின்னா நேரமும் குறையாது, கோவிலைச் சுத்தி வர்ற பேன்டம் காவலாளிகளுக்கும் நீங்க தெரிய மாட்டீங்க. பழைய தளங்களுக்குப் புது ஆயுதத்தோட போனா குறுக்குவழி கிடைக்கும்: முன்னாடி சுத்திப்போன சுவரை இப்போ வெடிகுண்டு உடைக்கும். பாதிக் கோவில் தாண்டினதும் அங்கேயே நேரா போக ஒளிவாசல் திறக்கும். அங்க எவ்வளவு நேரம் மிச்சம் வெச்சுச் சேர்ந்தீங்களோ அந்தக் கணக்கோடதான் அடுத்த தடவை ஆரம்பம். அதனால முதல் பாதியை ஒரு தடவை நிதானமா, சுத்தமா ஓடி வெச்சுக்கங்க. பேன்டம் வாள் வர்ற வரைக்கும் காவலாளிகளைக் கொல்ல முடியாது. வந்தப்புறம் முதுகுல ஒரு போடு!

கேள்வி: மெழுகுவர்த்தியை ஊதினா அணைய மாட்டேங்குது.

மைக் துளையில தூசி இருக்கான்னு பாருங்க. வாயை ஒட்டி வெச்சுக் கத்தாதீங்க, லேசா ஊதினாலே போதும். கத்த வேண்டிய இடம் வேற இருக்கு: பீரங்கித் தீவுல எட்டோகிட்ட புதையல் தூக்கற கை வாங்கும்போது. சத்தம் கூடக் கூட விலை குறையும். வீட்ல யாரும் இல்லாதப்போ வாங்குங்க.

கேள்வி: உருளவே வரல.

திரை ஓரத்துல சின்னச் சின்ன வட்டமா போடுங்க. லிங்கைச் சுத்தி வட்டம் போட்டா வாள்தான் சுழலும்.

கேள்வி: கல்வெட்டுல படிச்சதெல்லாம் மறந்து போகுது. நோட்டுல எழுதணுமா?

வேண்டாம், வரைபடத்து மேலயே கிறுக்குங்க. எந்த நெம்புகோலை முதல்ல இழுக்கணும், கண்ணுக்குத் தெரியாத பாதை எங்க வளையுதுன்னு எல்லாம் அதுல குறிச்சுக்கலாம். இந்த கேம்ல எனக்கு ரொம்பப் பிடிச்சதே இதுதான். என் வரைபடம் மளிகைக்கடைக் கணக்கு மாதிரி இருக்கும்.

கேள்வி: அடுத்து ஸ்பிரிட் டிராக்ஸ் ஆடலாமா?

ஆடுங்க. இதுக்கு அடுத்து டிஎஸ்ஸுக்கு 2009-ல வந்த செல்டா கேம், கப்பலுக்குப் பதிலா ரயில். ஓஷன் கிங் கோவில் மாதிரி திரும்பத் திரும்பப் போற நடுக்கோபுரம் இதுல இருக்கு, ஆனா பழைய தளத்தை மறுபடி ஏற வேண்டியதில்ல. ஆனா மைக்ல ஊதித்தான் குழல் வாசிக்கணும். ஃபேனை நிறுத்திட்டு உட்காருங்க.