வெள்ளை ஒயின்களை ஒப்பிட்டுச் சுவைக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஒப்பிட்டுச் சுவைப்பது என்றால், இரண்டு மூன்று வகைகளை ஒரே குளிர்ச்சியில், ஒரே மாதிரிக் கோப்பையில் அடுத்தடுத்துப் பருகி வேறுபாட்டைப் பிடிப்பது. முதலில் புளிப்பைப் பாருங்கள், அப்புறம் மணம்.

ரீஸ்லிங் திராட்சையில் இயல்பாகவே அமிலம் அதிகம். சோவிஞான் பிளாங் என்ற திராட்சையின் ஒயினில் பச்சைப் புல் வாசனை தூக்கலாக இருக்கும். ஷார்டனே திராட்சை மணத்தில் அடக்கமானது, அதன் குணத்தைப் பெரும்பாலும் தயாரிப்பு முறைதான் தீர்மானிக்கிறது. பாக்டீரியாக்கள் கூர்மையான மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும்போது வெண்ணெய் மணம் வரும். ஓக் பீப்பாய் வனிலா மணம் சேர்க்கும். எனக்கு அந்த அமில மாற்றம்தான் மிகவும் சுவாரசியமானது.

எலுமிச்சைச் சாறில் சர்க்கரை போட்டால் புளிப்பு மறையுமே தவிர, அமிலம் குறையாது. இனிப்பான ரீஸ்லிங்கும் அப்படித்தான். அதனால் நாக்கில் படும் இனிப்பை விட்டுவிட்டு, எச்சில் ஊறுவதை வைத்துப் புளிப்பைக் கணியுங்கள்.

பழ வாசனை வந்தாலே இனிப்பு ஒயின் என்று பலர் நினைக்கிறார்கள். சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் நொதித்துத் தீர்ந்த ஒயினிலும் அந்த வாசனை இருக்கும்.